கால் வைக்கிற கம்பி

“வண்டி பெட்ரோலாக் குடிக்குது, டீச்சர். என்ன செஞ்சும் அடங்க மாட்டேங்குது.”

மாசிலாமணி இதைச் சொன்னபோது பியூலா டீச்சர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சந்தைத் திடலில் ஒரு பெண் ஸ்கூட்டியில் எட்டுப் போட்டுக்கொண்டிருந்தாள். டீச்சரின் கண் அந்தப் பின்சக்கரத்திலேயே இருந்தது.

சந்தை கூடாத நாட்களில் அந்தத் திடல் பியூலா டீச்சருடையது. பள்ளிக்கூடத்து டீச்சர் இல்லை. பெண்களுக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். ஒரு தடவை ஊரில் மைலேஜ் போட்டி வைத்தார்கள். ஆளுக்கு ஒரு லிட்டர் பெட்ரோல். மீசைக்காரர்கள் எல்லாரும் வழிநெடுக வண்டியை உருட்டிக்கொண்டு வர, டீச்சர் தன் பழைய மொபெட்டில் அடுத்த தாலுகாவுக்கே போய் நின்றுவிட்டார். அன்றிலிருந்து மைலேஜ் என்றால் ஜனங்கள் அவரைத்தான் தேடி வந்தார்கள். வந்தவர்களிடம் அவர் அதிகம் பேசுவதில்லை.

மாசிலாமணிக்கு அங்கே வந்து நிற்பதே கூச்சமாக இருந்தது. தீப்பெட்டி ஆபீஸில் போர்மேன் அவர். அங்கே அவர் இருமினாலே ஆட்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். இங்கே சுற்றிலும் பெண்கள், வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

ஆனால் வேறு வழியில்லை. ஞாயிற்றுக்கிழமை வண்டியை எக்ஸ்சேஞ்சில் கொடுப்பதாக ஷோரூமில் சொல்லியாகிவிட்டது. சொன்ன நாளிலிருந்து சோறு இறங்கவில்லை. கல்யாணமான மறுவருஷம் வாங்கிய வண்டி அது.

“முன்ன எவ்வளவு குடுத்துச்சு?” டீச்சர் கேட்டார்.

“அறுபத்தஞ்சு. கண்ண மூடிக்கிட்டுச் சொல்லலாம்.”

“இப்ப?”

“நாப்பத்தஞ்சே ததிங்கிணத்தோம் போடுது.”

“என்ன பாத்தீங்க?”

“என்ன பாக்கல? கார்புரேட்டரக் கழட்டிச் சுத்தம் பண்ணியாச்சு. பிளக்கு புதுசு. ஏர் ஃபில்டர் புதுசு. செயினுக்கு எண்ணெ விட்டாச்சு, டயருக்குக் காத்து வாராவாரம் பாக்குறேன். பிரேக்கு ஒட்டிப் புடிக்குதான்னு சக்கரத்தச் சுத்திச் சுத்திப் பாத்தாச்சு. மெக்கானிக்கையே மாத்திட்டேன் டீச்சர்.”

“வெயிட்டு?”

மாசிலாமணிக்கு முகம் மலர்ந்தது. இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தார்.

“அதையும் விட்டு வைக்கல. வேண்டாத இரும்பையெல்லாம் கழட்டிப் போட்டுட்டேன்.”

டீச்சர் எழுந்து வந்தார். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார். இடது பக்கம் வந்ததும் குனிந்து, பின்சக்கரத்துக்கு மேலே விரலை வைத்தார். அந்த இடத்தில் மட்டும் பெயின்ட் புதுசாக இருந்தது. வெயில் படாத பெயின்ட்.

“இங்க என்ன இருந்துச்சு?”

“சேலை கார்டு.”

விரல் கீழே இறங்கியது. ஆணி இல்லாத ஓட்டை ஒன்று துருப்பிடித்துக் கிடந்தது.

“இங்க?”

“கால் வைக்கிற கம்பி. சும்மா கெடந்து ஆடிக்கிட்டிருந்துச்சு.”

“யாரு கால்?”

மாசிலாமணி தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“எங்க வீட்டுல… ஜெயக்கொடி. சத்துணவுல வேல பாக்குறா. முன்ன நாந்தான் காலையில எறக்கிவிட்டுப் போவேன். இப்ப டவுன் பஸ்ஸுல போயிடுறா. பொம்பளைகளுக்குத்தான் டிக்கெட் கெடையாதே.”

டீச்சர் போய்த் தன் பையைத் திறந்தார். இருமல் மருந்து பாட்டில் ஒன்றை எடுத்துக் கோடு வரைக்கும் பெட்ரோல் ஊற்றினார். டாங்க்கை அடைத்துவிட்டு, பாட்டிலை ஹேண்டில்பாரில் கட்டித் தொங்கவிட்டு, அதிலிருந்து கார்புரேட்டருக்கு டியூபைச் செருகினார்.

“திடலச் சுத்துங்க. தானா நிக்கிற வரைக்கும்.”

மாசிலாமணி கிளப்பினார். அவர் ஓட்டியதைச் சொல்ல வேண்டுமென்றால், தினமும் ஆபீஸுக்கு ஓட்டுகிற மாதிரிதான் ஓட்டினார். ஆக்சிலேட்டரை முறுக்கி மூலை வரைக்கும் பாய்வது, மூலையில் பிரேக்கை அமுக்குவது, மறுபடி முறுக்குவது. நடுவில் கிளட்சின் மேலேயே இரண்டு விரல். மூன்று சுற்று முடிந்து, கருவாட்டு மேடைக்குப் பக்கத்தில் வண்டி விக்கி விக்கி நின்றது.

உருட்டிக்கொண்டு வந்தார். டீச்சர் மறுபடியும் அதே கோடு வரைக்கும் பெட்ரோல் ஊற்றினார்.

ஊற்றிவிட்டு, சேலையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு பின்சீட்டில் ஒருக்களித்து உட்கார்ந்தார்.

பெண்களின் சிரிப்பு இப்போது வாய்க்குள் நிற்கவில்லை. மாசிலாமணிக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது.

“டீச்சர், ரெண்டு பேரு ஏறுனா இன்னும்ல குடிக்கும்!”

“ஓட்டுங்க அண்ணாச்சி.”

கம்பி இல்லாததால் டீச்சரின் கால்கள் அந்தரத்தில் தொங்கின. அதை ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டு மாசிலாமணி கிளட்சை விட்டார்.

மெதுவாக விட்டார். அவர் யோசித்து அப்படிச் செய்யவில்லை. கை தானாகச் செய்தது. மூலை வருவதற்கு வெகு முன்னாலேயே ஆக்சிலேட்டர் தளர்ந்தது. பள்ளத்தைக் கண்டதும் வண்டி ஒதுங்கிப் போனது. பிரேக்குக்கு வேலையே இல்லை. வண்டி ஒரே சீராக, பூனை மாதிரி போய்க்கொண்டிருந்தது.

இப்படித்தானே ஓட்டினேன், இத்தனை வருஷமும் என்று அவருக்குத் தோன்றியது.

ஜெயக்கொடி மடியில் சாப்பாட்டுக் கேரியர் இருக்கும். ஒரு கை அவர் தோளில் இருக்கும். வாய் மட்டும் ஓயாது. வீட்டு விஷயம் பூராவும் அந்த ரோட்டில்தான் முடிவானது. மகளை எந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது, யார் வீட்டு விசேஷத்துக்கு யார் போவது, கடைசியில் மகளுக்கு எந்த மாப்பிள்ளை என்பது வரைக்கும். காற்றில் பாதி காதில் விழாது. விழாததற்கும் சேர்த்து அவர் தலையை ஆட்டுவார்.

வண்டி கொஞ்சம் வேகம் எடுத்தால் போதும், தோளில் இருக்கிற கை சட்டென்று ஒரு தட்டுத் தட்டும்.

“என்ன, அங்க தீயா புடிச்சு எரியுது?”

எத்தனை ஆயிரம் தடவை கேட்ட குரல். அப்போது எரிச்சலாகத்தான் இருக்கும். இப்போது அதை ஒரு தடவை கேட்டால் தேவலை போல இருந்தது.

அவர்தான் ஒரு நாள் பெட்ரோல் போட்டுவிட்டு வந்து சொன்னார்: “பஸ்ஸு சும்மாதான போகுது? ஒரு ஆளு குறைஞ்சா பெட்ரோலும் குறையும்ல?”

ஜெயக்கொடி மறுநாள் காலையில் கேரியரை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்துவிட்டாள். அதற்குப் பிறகு சாயங்காலம் இரண்டு பேரும் களைத்துப்போய் வருவார்கள், டிவி பேசும், தூங்கிவிடுவார்கள். அவர் ரோட்டில் யாரும் தட்டாத தோளோடு பறந்துகொண்டிருந்தார்.

கைதட்டல் சத்தம் கேட்டுத்தான் மாசிலாமணி நினைவுக்கு வந்தார். கருவாட்டு மேடை எப்போதோ பின்னால் போயிருந்தது. வண்டி நாலாவது சுற்றையும் முடித்துக்கொண்டு, ஆட்டுச் சந்தைக் கேட்டைத் தாண்டித்தான் நின்றது.

அவர் பாட்டிலைப் பார்த்தார். பாட்டில் காலி.

“டீச்சர், இது என்ன கணக்கு?”

டீச்சர் இறங்கிச் சேலையை உதறிக்கொண்டார்.

“கணக்கெல்லாம் எனக்குத் தெரியாது அண்ணாச்சி. அந்தக் கம்பி இருக்கா, எடைக்குப் போட்டுட்டீங்களா?”

கம்பி இருந்தது. வீட்டுக்குப் பின்னால் துணி துவைக்கிற கல்லோரமாக, சேலை கார்டோடு சேர்ந்து கிடந்தது. மண்ணெண்ணெய் போட்டுத் துருவைத் தேய்த்தார்.

மறுநாள் காலையில் பஸ் ஸ்டாப்பில் ஜெயக்கொடி நின்றுகொண்டிருந்தாள். தெரிந்த வண்டிச் சத்தம் கேட்டுத் திரும்பினாள். அவள் கண்ணில் முதலில் பட்டது புருஷன் முகம் இல்லை, அந்தக் கம்பிதான்.

“இத எதுக்கு மறுபடியும் மாட்டுனீங்க?”

“மைலேஜுக்கு.”

“ஞாயித்துக்கெழம வண்டியக் குடுக்கணும்னீங்க?”

“குடுக்கல.”

பஸ் வந்து நின்றது. பின்னால் இருந்தவர்கள் அவளை இடித்துக்கொண்டு ஏறினார்கள். ஜெயக்கொடி ஒரு கால் முன்னால் வைத்தாள், நின்றாள்.

“பஸ்ஸு சும்மாதான போகுது?” என்றாள். அன்று அவர் சொன்ன அதே தொனியில், ஒரு எழுத்துக் குறையாமல்.

மாசிலாமணிக்குச் சுருக்கென்றது. தலையைக் குனிந்துகொண்டார்.

“போகட்டும். நீ ஏறு.”

கண்டக்டர் விசில் அடித்தார். பஸ் கிளம்பிவிட்டது. புழுதி அடங்கியபோது ஜெயக்கொடி ஸ்டாப்பிலேயே நின்றாள், கேரியரோடு.

அவள் உட்கார்ந்தது அவருக்குத் தெரிந்தது. கம்பி ஒரு கிறீச் கொடுத்தது. தோளில் ஒன்றும் படவில்லை. நடுவில் ஒரு சாண் இடம் விட்டுத்தான் உட்கார்ந்திருந்தாள்.

இரண்டு தெரு தாண்டியும் மாசிலாமணிக்கு என்ன சொல்லித் தொடங்குவது என்று தெரியவில்லை. ரயில்வே கேட் தாண்டி, நேர் ரோடு வந்ததும், தவிப்பில் ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் அதிகமாகவே முறுக்கிவிட்டார்.

தோளில் பட்டென்று ஒரு தட்டு விழுந்தது.

“என்ன, அங்க தீயா புடிச்சு எரியுது?”