பாதையில் போட்ட பச்சைத் தழை

கண்ணுகளா, இதை எனக்கு முதலில் சொன்னது எனக்கு அக்கா முறையான ருகையா லாத்தா. என் மூத்தவளைக் கட்டிக்கொடுத்து அனுப்பி, வீடு வெறிச்சென்று கிடந்த ரமலானில், நோன்புக் கஞ்சியைக் கிண்டிக்கொண்டே சொன்னார்.

"ஹஜ்ரத், என் துஆ மட்டும் ஏன் மேலே போக மாட்டேங்குது?"

கேட்டவர் உதுமான் கனி. தாடி முழுக்க வெளுத்த சீடர்.

குருவான ஹஜ்ரத் அவரைவிட இளையவர். காட்டோரக் குடிசையில் ஓதிக்கொண்டு, வருகிறவர்களுக்கு நல்லது சொல்லிக்கொண்டு இருந்தவர். மூத்த சீடரை அண்ணன் முறை வைத்து 'நானா' என்றுதான் கூப்பிடுவார்.

"அப்படி என்ன கேட்டீங்க நானா?"

"என் மக ஷம்சா திரும்பி வரணும். சொல்லாமக் கொள்ளாம ஒருத்தனைக் கட்டிக்கிட்டுப் போயிட்டா. என் கோபமெல்லாம் என்னைக்கோ ஆறிடுச்சு. அவ முகத்தைப் பார்த்தாப் போதும். ஒவ்வொரு தொழுகையிலும் கையேந்திக் கேட்டு அழுறேன்."

ஹஜ்ரத் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார்.

"வாங்க, உங்க வீட்டுல வச்சே கேட்போம். சோறு போடுவீங்கல்ல?"

"மீன் ஆணம் இருக்கு ஹஜ்ரத்."

"அப்ப துஆவை நீளமாவே கேட்டுடலாம்."

இருவரும் காட்டுக்குள் இறங்கினார்கள்.

அந்தக் கரையில் காடு கடலைத் தொட்டுக்கொண்டே கிடக்கும். பாலை மரத்து நிழலில் நடக்கிறபோதே காலுக்கடியில் அலை புரள்கிற மாதிரி இருக்கும். பனிமூட்டத்துக்குள் மான்கள் தலை மட்டும் தெரிய நிற்கும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே இல்லாமல் போகும். ஒற்றையடிப் பாதைகள் மழைத்தண்ணீர் மாதிரி பிரிந்து பிரிந்து ஓடும். மான் போட்ட தடம் எது, மனுசன் போட்ட தடம் எது, சொல்ல முடியாது.

அதனால் அங்கே ஒரு வழக்கம். முன்னால் போகிறவர், போகக்கூடாத பாதைக்குக் குறுக்கே ஒரு பச்சைத் தழையை ஒடித்துப் போட்டுவிட்டுப் போவார். அந்தப் பக்கம் சேறாக இருக்கலாம். கடல் தண்ணீர் ஏறியிருக்கலாம். பின்னால் வருகிறவர் காரணம் கேட்க மாட்டார். தாண்டவும் மாட்டார்.

தழை காய்ந்துவிட்டால் அதன் பேச்சும் முடிந்தது.

ஒரு பிரிவில் பச்சைத் தழை கிடந்தது. ஹஜ்ரத் மறுபக்கம் திரும்பினார்.

இன்னொன்றில் காய்ந்து கிடந்தது. மிதித்துக்கொண்டு போனார்.

உதுமான் கனி பின்னாலேயே நடந்தார். நடையோடு நடையாக மகளின் பெயரை வாய்க்குள் சொல்லிக்கொண்டார். கடலும் கூடச் சேர்ந்து சொல்வது போலிருந்தது அவருக்கு.

காடு முடிகிற இடத்தில் ஹஜ்ரத் நின்றுவிட்டார்.

"வலப்பக்கம்தான் ஹஜ்ரத். அதோ, கூரை தெரியுது பாருங்க."

"தழை கிடக்குதே."

கிடந்தது. அன்று காலையில் ஒடித்தது. ஒடித்த இடத்தில் பால் பிசுபிசுத்தது.

உதுமான் கனி சிரித்தார். "அது நான் போட்டதுதான். நீங்க வாங்க."

"எதுக்குப் போட்டீங்க?"

"அவ போன புதுசுல ஊரே வந்து உட்கார்ந்துக்குச்சு. 'வளர்த்த லட்சணம்'னு ஒருத்தி. 'செல்லம் கொடுத்தே கெடுத்தே'ன்னு ஒருத்தி. காது கொடுத்துக் கேட்க முடியலை. தழையைப் போட்டேன். ஒரு ஈ காக்கா வரலை. அப்புறம் வாடுறதுக்கு முன்னாடியே மாத்திப் போட்டுடறது. நான் மட்டும் தாண்டிப் போய்க்குவேன்."

"நான் தாண்ட மாட்டேன் நானா."

"அட, இது உங்களுக்கில்லை ஹஜ்ரத்! அந்த வாயாடிகளுக்கு."

"தழையில பேரா எழுதியிருக்கு?"

உதுமான் கனி குனிந்து தழையைப் பார்த்தார்.

"உங்க மக எங்கே வளர்ந்தா?" ஹஜ்ரத் மெதுவாகத்தான் கேட்டார்.

"இங்கேதான். இந்தக் காட்டுலதான். என் விரலைப் பிடிச்சுக்கிட்டு நடந்த பிள்ளை. தழையைக் கண்டா நின்னுடணும், தாண்டவே கூடாதுன்னு நான்தானே அவளுக்கு..."

ஹஜ்ரத் துண்டை விரித்துத் தழைக்கு இந்தப் பக்கமே உட்கார்ந்துகொண்டார்.

"பசிக்குது நானா," என்றார்.

சரி, தொழுகைக்குப் பாங்கு சொல்லப் போகிறார்கள். எழுந்து போகும்போது அந்த வாசல் கதவை மட்டும் சாத்தாமல் போங்கள், கண்ணுகளா.