தலைவர் இரண்டு வார்த்தை பேசுவார்

தாமரைக் குளத்தில் அலகேசன் என்று ஒரு கூழைக்கடா இருந்தது. குளத்து நலச் சங்கத்துக்கு அதுதான் தலைவர். அதன் அலகுக்குக் கீழே தொங்கும் பையில் ஒரு யானையையே மடித்து வைக்கலாம். பொய் என்றால் யானையைக் கேளுங்கள்!

அந்த வருஷம் காட்டில் செம்புள்ளிக் காய்ச்சல் பரவியது. குட்டிகளைத்தான் அது பிடித்தது. குளத்துக் குஞ்சுகளுக்கெல்லாம் தடுப்பு மருந்து போட்டாயிற்று. பாறைக்காட்டுக்கு மட்டும் யாரும் போகவில்லை. அங்கே தண்ணீரும் கிடையாது, பாதையும் கிடையாது.

“நாம் போவோம்!” என்றது அலகேசன்.

அந்த மருந்து சில்லென்று இருந்தால்தான் மருந்து. சூடு பட்டால் கலங்கிக் கெட்டுவிடும். அதனால் அலகேசன் மலைச்சுனையின் குளிர்ந்த நீரைத் தன் பையில் நிரப்பியது. மருந்துக் குப்பிகளை அதற்குள் போட்டது. அலகை இறுக மூடிக்கொண்டு பறந்தது. ஊசி போடும் முள்ளம்பன்றி சிலம்பாயி முந்தின நாளே நடக்கத் தொடங்கிவிட்டது. வரவேற்புரைக்கு ஒரு காக்கை. வரவேற்புரை இல்லாமல் சங்கம் எங்கே போயிருக்கிறது?

பாறைக்காட்டில் கீரி மாரக்காள் தன் மூன்று குட்டிகளோடு முதல் ஆளாக வந்து நின்றது.

“பக்கத்து வளையில காய்ச்சல் வந்தாச்சு. சீக்கிரம் போடுங்க!”

“இதோ!” என்று சிலம்பாயி ஒரு முள்ளைத் தீட்டியது.

“முதலில் விழா!” என்றது காக்கை. தலைவருக்குத் தேக்கிலையில் பொன்னாடை போர்த்தியது. பாறை பாறையாகப் பெயர் சொல்லி வரவேற்றது. உச்சி வெயில் மண்டையைப் பிளந்தது. அலகேசனோ வாயைத் திறக்கவே இல்லை. கெட்டிக்காரர்!

“இப்போது தலைவர் இரண்டு வார்த்தை பேசுவார்!”

அவ்வளவுதான். “பெரியோர்களே! தாய்மார்களே!” என்று அலகைத் திறந்தது அலகேசன்.

சுனைநீர் முழுவதும் மாரக்காளின் தலையில் கொட்டியது. குப்பிகள் கொதிக்கும் பாறைமேல் உருண்டன. சிலம்பாயி பொறுக்கி எடுப்பதற்குள் மருந்து மோர் மாதிரி கலங்கிவிட்டது. தலைவர் மட்டும் நிறுத்தவில்லை. நானும் பேச ஆரம்பித்தால் நிறுத்தாத ரகம்தான் என்பதால், அந்தப் பேச்சை இங்கே சொல்லாமல் விடுகிறேன்.

“தலைவரே, மருந்து போச்சு!” என்று சிலம்பாயி கத்தியது.

மாரக்காள் நனைந்த மயிரைச் சிலிர்த்துக்கொண்டு முன்னால் வந்தது. “என் பிள்ளைங்களுக்கு இப்ப உம்ம பேச்சையா ஊசியில ஏத்துவீரு?”

அலகேசன் பொன்னாடையைக் கழற்றியது. “தாயே, இது வாய் இல்லை, மருந்துப் பெட்டி. பெட்டி எங்கேயாவது பேசுமா? இந்தப் பெட்டி பேசிவிட்டது! இவ்வளவு பெரிய பை கொடுத்த கடவுள், மூளைக்குக் குன்றிமணி அளவு இடம்தான் விட்டிருக்கிறார். பொழுது சாய்வதற்குள் வந்துவிடுகிறேன்!”

சொன்னபடி புது மருந்தோடு வந்தது. அலகு முழுக்கக் கொடியால் சுற்றிக் கட்டியிருந்தது.

“அம்மா, பேச்சுத் தாத்தாவுக்கு வாயில கட்டு!” என்று குட்டிகள் உருண்டு சிரித்தன.

“மீண்டும் நம்மிடையே வருகை தந்திருக்கும்...” என்று காக்கை ஆரம்பித்தது. அலகேசன் பொன்னாடையை எடுத்துக் காக்கையைத் தலையோடு போர்த்திவிட்டது.

சிலம்பாயி கொடியைக் கடித்து அறுத்தது. ஒரு குப்பியை மட்டும் வெளியே எடுத்தது. மருந்து சில்லென்று, தெளிவாக இருந்தது. ஒவ்வொரு குட்டிக்கும் ஒரு குத்து! கடைக்குட்டி பதிலுக்குத் தலைவரின் காலைக் கடித்து வைத்தது. தலைவரின் கண்ணில் தண்ணீர் வந்தது. வாய் திறக்கவில்லை. அடுத்த வளைக்கான மருந்து உள்ளே இருந்ததே!

காய்ச்சல் பாறைக்காட்டைச் சுற்றிச் சுற்றி வந்தது. மருந்து போட்ட வளைகளுக்குள் மட்டும் அதனால் நுழைய முடியவில்லை.

மழை பெய்ததும் மாரக்காள் குட்டிகளோடு குளத்துக்கே வந்துவிட்டது. “இப்பப் பேசுங்க தலைவரே! ஆற அமர உக்காந்து கேக்கறோம்.”

அலகேசன் மெல்லத் தலையை மட்டும் ஆட்டியது. அதன் பையில் ஊஞ்சலாடிக் களைத்த மூன்று குட்டிகளும் உள்ளேயே தூங்கிக்கொண்டிருந்தன.

வந்த காரியம் முடியும்வரை வாய்க்கு வேலை கொடுக்காதவரே ஊருக்கு உதவுவார்.