கோபத்துக்கு மருந்து

மார்த்தாண்டத்துக்கு மேற்கே சித்த வைத்தியம் பார்த்துவந்தார் தவமணி. பெண்தான் என்றாலும் ஊரில் எல்லோருக்கும் அவர் ஆசான். வயது நாற்பது. அவரிடம் பாடம் கேட்க வந்த ஞானசிகாமணிக்கு ஐம்பத்து மூன்று. மருந்துக் கம்பெனி ஒன்றின் ஆய்வுக்கூடத்தில் பல வருஷம் வேலை பார்த்துவிட்டு வந்தவர்.

இருவரும் ஓர் ஆய்வு நடத்தினார்கள். மாதவிலக்கு நிற்கும் வயதில் பெண்களை வாட்டும் உடல் கொதிப்புக்கும் தூக்கமின்மைக்கும் தண்ணீர்விட்டான் கிழங்கின் சத்து எவ்வளவு உதவும் என்று பார்ப்பது. ஞானசிகாமணி சத்தைப் பிரித்து மாத்திரையாக்கித் தருவார். வாங்கிச் சாப்பிட்ட பெண்களில் நேசம்மாளும் ஒருத்தி.

அவளுக்கு மருந்து பிடித்தது. கொதிப்பு அடங்கியது. ராத்திரி வியர்வையில் சேலை நனைவது நின்றது.

ஒருநாள் அவள் புருஷன் தங்கையன் அவளைக் கூட்டிக்கொண்டு வந்தார். மற்றதெல்லாம் சுகம், கோபம்தான் தாங்க முடியவில்லை என்றார். விடிந்தால் சண்டை. மகனுக்குச் சோறு போடுவதில்லை. முன்பு வாயே திறக்காதவள். அதை அடக்க ஏதாவது சேர்த்துக் கொடுங்கள் என்றார்.

ஞானசிகாமணிக்கு அது நியாயமாகப் பட்டது. மனக்கொதிப்பை அடக்கும் சடாமாஞ்சில் வேரைச் சேர்க்கலாம் என்று எழுந்தே விட்டார்.

"யார்மேல் கோபம் என்று கேட்டீர்களா?" என்றார் ஆசான்.

"எரிச்சல் உண்டா என்று இந்த அம்மாவிடம் கேட்டேன். உண்டு என்றார்."

ஆசானின் முகம் சிவந்தது. ஞானசிகாமணியை உட்காரச் சொல்லிவிட்டு, அதையே நேசம்மாளிடம் கேட்டார். தங்கையன் பதில் சொல்ல வாயெடுத்தார். ஆசான் கையைக் காட்டி நிறுத்தினார்.

நேசம்மாள் சொன்னாள். மருமகள் லில்லி வந்து நாலு வருஷம். பிள்ளை இல்லை என்று மகன் அவளைத் தாய்வீட்டில் கொண்டு விட்டுவிட்டான். தங்கையன் தடுக்கவில்லை. நேசம்மாளும் தடுக்கவில்லை. எழுந்து நிற்கவே முடியாத களைப்பு அப்போது.

பிறகு புருஷன் பக்கம் திரும்பினாள். குரல் உயரவில்லை.

"எனக்கும் நின்னுபோச்சு. இனி எனக்கும் பிள்ளை வராது. அப்போ என்னையும் கொண்டு விடணுமில்லியா?"

இந்த வயசில் பேசுகிற பேச்சா இது என்று தங்கையன் முணுமுணுத்தார்.

"நீங்க கொண்டு விடண்டாம். நானே போறேன்."

வெளியே போய், கருங்கல் ஊருக்குப் போகும் பஸ்ஸில் ஏறினாள். லில்லியின் தாய்வீடு அங்கேதான். தங்கையன் கூப்பிட்டார். அவள் திரும்பவில்லை.

அன்று ஞானசிகாமணி ஆசானிடம் பொரிந்து தள்ளினார். ஒரு பொட்டலம் மருந்து கொடுத்திருந்தால் ஒரு குடும்பம் பிழைத்திருக்கும், அதைக் கெடுத்துவிட்டீர்கள் என்றார். ஆசான் கிழங்குகளைத் தோல் சீவிக்கொண்டிருந்தார். கத்தி மட்டும் வேகமாக ஓடியது.

அடுத்த மாதம் நேசம்மாள் மருந்து வாங்க வந்தாள். கூடவே லில்லி. அம்மாவை அழைத்துப் போக மகன் வந்தானாம். முதலில் லில்லியிடம் மன்னிப்புக் கேள் என்று நேசம்மாள் சொன்னாளாம். முறைத்துக்கொண்டு போனவனைக் கொஞ்ச நாளில் தங்கையனே கூட்டி வந்து கேட்க வைத்தார். யோசித்துச் சொல்கிறேன் என்று லில்லி அனுப்பிவிட்டாள். இன்னும் யோசிக்கிறாள். இதைச் சொல்லும்போதே நேசம்மாளுக்கு மறுபடி கோபம் வந்தது. காத்திருந்த பெண்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

இருவரும் போன பிறகு ஞானசிகாமணி தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"கொதிப்பு இல்லை. தூக்கம் சரியாகிவிட்டது. கோபம் மட்டும் குறையவில்லை. மருந்தின் குறை என்று எழுதட்டுமா, ஆசானே?"

"வருஷக்கணக்காகத் தூங்காமல் கிடந்த உடம்பு அது," என்றார் ஆசான். "கோபப்படத் தெம்பு எங்கிருந்து வந்தது, அதை எழுதுங்கள்."