ஆவுடையப்பன் வீட்டுக் கார் மிஷின்

சொக்கன்குளத்து ஆவுடையப்பனைக் கெட்டவன் என்று ஒருத்தரும் சொல்ல மாட்டார்கள். தங்கமான மனுஷன். யோசிக்க ஆரம்பித்தால்தான் ஆபத்து.

அவன் பெண்டாட்டி சீதாலட்சுமி தெருவுக்கே இட்லி மாவு அரைத்து விற்கிறவள். அன்றைக்கு ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பும்போது, "சாயங்காலம் வந்து அரைக்கணும். ஊறுற அரிசியில கை வைக்காதீங்க" என்று சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினாள். சத்தியமாகச் சொல்கிறேன், ஆவுடையப்பன் அரிசியில் கை வைக்கவே இல்லை. கிரைண்டரைத்தான் தூக்கிக் கொடுத்துவிட்டான்.

வாங்கியவர் பொருட்காட்சியை முடித்து மூட்டை கட்டிக்கொண்டிருந்த ஜமால் பாய். பதிலுக்கு வந்தது, துட்டுப் போட்டுக் கார் ஓட்டுகிற வீடியோ கேம் மிஷின். உட்கார ஒரு சீட்டு, ஸ்டியரிங், காலுக்கு பிரேக், எல்லாம் உண்டு. சீதாலட்சுமி ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டால் கிரைண்டரையே மறந்துவிடுவாள் என்பது ஆவுடையப்பன் கணக்கு.

"சுவருக்கு ஒரு சாண் தள்ளி வையுங்க" என்றார் பாய். "துட்டில்லாம ஆடணும்னா பின்கதவைத் திறந்து சிவப்பு சுவிட்சைத் தட்டணும். இதுதான் சாவி. ஒண்ணே ஒண்ணு! பத்திரமான இடத்துல போட்டு வையுங்க." சொல்லிவிட்டு கிரைண்டரோடு லாரியில் ஏறிப் போய்விட்டார்.

மிஷினை வீட்டுக்குள் இழுத்துக்கொண்டு வந்தவர்கள் ஆவுடையப்பனும், தம்பி சங்கிலியும், சித்தப்பா மகன் பிச்சாண்டியும்.

"எந்தச் சுவருக்குன்னு பாய் சொல்லலையே அண்ணே" என்றான் சங்கிலி.

"நாலு சுவருக்கும்தான். ஒரு சுவருக்கு மட்டும் மரியாதை கொடுத்தா மத்தது என்ன நினைக்கும்?" என்றான் பிச்சாண்டி.

நாலு பக்கமும் ஒரே ஒரு சாண் விட்டு மிஷின் நிற்கக்கூடிய இடம் அந்த வீட்டில் குளியலறை ஒன்றுதான். கஷ்டப்பட்டு உள்ளே தள்ளினார்கள். உள்ளே நின்று இழுத்த சங்கிலி மிஷினுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டான். அவனை வெளியே எடுக்க மிஷினையும் வெளியே எடுக்க வேண்டியதாகிவிட்டது. கடைசியில் கூடத்தின் நட்டநடுவில் நிறுத்தினார்கள்.

அடுத்து சாவி. பீரோவில் வைக்கலாம் என்றான் ஆவுடையப்பன்.

"பீரோவைத் திருடன் திறப்பான்" என்றான் பிச்சாண்டி. "கோயில் உண்டியல்ல விழுந்தது திரும்பி வந்து பார்த்திருக்கியா?"

"இல்லை."

"இந்த மிஷின்லயும் உண்டியல் இருக்கே!"

இப்படி ஒரு மூளை நம் குடும்பத்தில் இருக்கிறதே என்று ஆவுடையப்பனுக்குக் கண் கலங்கியது. துட்டுப் போடுகிற ஓட்டையில் சாவியைப் போட்டார்கள். டிங் என்று விழுந்தது.

"சரி, பின்கதவைத் திற" என்றான் ஆவுடையப்பன்.

"சாவி கொடு" என்றான் பிச்சாண்டி.

"பத்திரமா இருக்கே!"

மூன்று பேரும் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள்.

"துட்டுப் போட்டே ஆடிட்டா என்ன?" என்று கேட்டான் சங்கிலி.

"துட்டுக் கொடுத்து ஆடினா நாம வெளியாள் ஆயிடுவோம்" என்றான் பிச்சாண்டி. "வெளியாள் வந்தா காபி கொடுக்கணும். வீட்டுல பால் இல்லை."

அந்நேரம் பார்த்து சீதாலட்சுமி வந்துவிட்டாள். நேராக அடுப்படிக்குப் போனாள். போன வேகத்தில் திரும்பினாள்.

"ஏங்க, கிரைண்டர் எங்க?"

ஆவுடையப்பன் மிஷினைக் காட்டினான். அவள் தலையில் அடித்துக்கொண்டாள். "அடப்பாவி மனுஷா! நாளைக்குத் தெருவுக்கு நான் என்னத்தைக் கொடுப்பேன்?" குரல் உடைந்துபோயிற்று. அதைக் கேட்டு அவனுக்கும் அழுகை வந்தது.

"அப்படி என்னதான் இருக்கு இந்தச் சனியன்ல? பார்த்துடறேன்!" என்று கொண்டை ஊசியை உருவினாள். பின்கதவில் விட்டு ஒரு திருகு. திறந்துகொண்டது. உள்ளே தெரிந்த சிவப்பு சுவிட்சைத் தட்டிவிட்டு, கோபத்தோடு போய் சீட்டில் உட்கார்ந்தாள். திரையில் நீளமாக ஒரு ரோடு வந்தது. கார் கிளம்பியது. முன்னால் தூரத்தில் ஒரு லாரி போய்க்கொண்டிருந்தது.

ஆவுடையப்பன் துள்ளி எழுந்தான். "பாய் லாரி! சீதா, விடாதே! கிரைண்டர் அதுலதான் போகுது!"

சங்கிலியும் பிச்சாண்டியும் பெஞ்சைத் தூக்கி வந்து அவளுக்குப் பின்னால் போட்டு ஏறி உட்கார்ந்தார்கள். கிரைண்டரைக் கட்ட ஒரு கயிறும் எடுத்துக்கொண்டார்கள். ஆவுடையப்பன் ஓரத்தில் தொற்றிக்கொண்டு, வழியில் வந்த கார்களையெல்லாம் ஒதுங்கச் சொல்லிக் கை காட்டினான்.

"பேசாம வாங்களேன்!" என்று அதட்டினாள் சீதாலட்சுமி. அவள் கண் ரோட்டை விட்டு நகரவில்லை. லாரி நெருங்கிக்கொண்டே வந்தது.

"ஓரங்கட்டு மதினி, ஓரங்கட்டு!" என்று கத்தினான் பிச்சாண்டி.

திடீரென்று சங்கிலி நெஞ்சில் கையை வைத்தான். "ஐயையோ! வீட்டைப் பூட்டாம வந்துட்டோமே!"

சீதாலட்சுமி சடாரென்று பிரேக்கை மிதித்தாள்.