ஒன்பதாவது கட்டம்

கோடு அடிக்கிற ஆளிடம் போய் யோசனை கேட்கிறானே என்று பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் சென்னியப்பனுக்கு வேறு போக்கிடம் இல்லை.

கோயமுத்தூருக்குக் கிழக்கே ஒரு கார்ப் பந்தய மைதானம். நாம் தெருவில் ஓட்டுகிற கார்களையே இறுக்கித் திருத்தி அங்கே ஓட்டுவார்கள். சென்னியப்பன் அதன் தலைமைப் பரிசோதகன். வயது நாற்பத்தாறு. எந்தக் கம்பெனி வண்டி ஓடலாம், எது ஓடக்கூடாது என்பதற்கு அவன் கையெழுத்து வேண்டும். பதினொரு வருஷமாகப் போட்டுக்கொண்டிருக்கிறான்.

அவனுக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர் சவரிநாதன். சென்னியப்பனுக்கு ஸ்பேனர் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவரும் அவர்தான். திடுதிப்பென்று ஒருநாள் வேலையை விட்டார். வீட்டுக்குப் போவார் என்று பார்த்தால், அதே மைதானத்தில் தரையில் வெள்ளைக் கோடு அடிக்கிற வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டார். மனுஷனுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்றார்கள். சென்னியப்பன் மட்டும் அன்றும் இன்றும் அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிடுகிறான்.

அவன் தோள்பையில் ஒரு தாள் இருந்தது. வருஷத்துக்கு ஐயாயிரம் காருக்குக் குறையாமல் செய்கிற கம்பெனிகள் மட்டுமே இனிப் பந்தயத்தில் கலந்துகொள்ளலாம் என்று அதில் போட்டிருந்தது. இந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்தே அமல். நாலு மணிக்குள் தாள் பந்தயச் சங்கத் தலைவரின் மேசைக்குப் போக வேண்டும். காலையிலேயே அதில் கையெழுத்துப் போட்டுவிட்டான்.

பொய் சொல்வானேன், அவன் யோசனை கேட்கவே வரவில்லை. செய்தது சரிதான் என்று மாஸ்டர் வாயால் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போக வந்தான்.

தாளில் யார் பெயரும் இல்லை. ஆனால் அது யாரைக் குறி வைக்கிறது என்று மைதானத்து நாய்க்குக்கூடத் தெரியும். பந்தயத்தில் மிச்சம் இருப்பதே மூன்று கம்பெனிகள். இரண்டு பெரியவை, தலைக்கு மூன்று வண்டி. மூன்றாவது பவளக்கொடியுடையது, இரண்டே வண்டி. அப்பா நடத்திய மோட்டார் பம்ப் தொழிற்சாலையில் கார் செய்ய ஆரம்பித்தவள் அவள். வருஷத்துக்குத் தொள்ளாயிரம் கார் செய்தாலே அதிகம். காருக்குத் தட்டான் என்று பெயர் வைத்தாள். இந்த வருஷம் நடந்த நாலு பந்தயத்திலும் தட்டான்தான் முதலில் வந்தது.

பெரிய கம்பெனிக்காரர்கள் மூன்று தடவை புகார் கொடுத்தார்கள். மூன்று தடவையும் தட்டானின் எஞ்சினைப் பிரித்துப் பார்த்தது சென்னியப்பன். பவளக்கொடி பக்கத்திலேயே நின்று, "நல்லாப் பாருங்க சார், இன்னொருக்காப் பாருங்க" என்று ஸ்பேனரை எடுத்து எடுத்துக் கொடுத்தாள். ஒன்றும் அகப்படவில்லை. குற்றம் ஏதும் இல்லை என்று மூன்று தடவையும் எழுதிக் கையெழுத்துப் போட்டான். அதற்கப்புறம்தான் இந்த விதி பிறந்தது.

மாஸ்டர் தார்ச் சாலையில் குந்தி உட்கார்ந்து, வண்டிகள் புறப்படுகிற இடத்தில் வெள்ளைப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார். பந்தயம் தொடங்கும்போது ஒவ்வொரு வண்டியும் நிற்பதற்கு ஒரு கட்டம். இப்போது எட்டு வண்டி, எட்டுக் கட்டம்.

"வா கண்ணு. சாப்பிட்டியா?"

"ஆச்சுங்க மாஸ்டர்."

ஆகவில்லை. காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூட அவனுக்கு இறங்கவில்லை.

"மாஸ்டர், ஒரு சந்தேகமுங்க."

"கேளு."

"குத்தமே இல்லாத வண்டியை வெளிய நிறுத்தினா, அது குத்தமுங்களா?"

மாஸ்டர் பிரஷ்ஷை நிறுத்தவில்லை. "எதுக்கு நிறுத்தோணும்?"

"நிறுத்தலைன்னா பெரிய கம்பெனி ரெண்டும் விலகிக்கிறோம்னு சொல்லிட்டாங்க. ஆறு வண்டி போயிட்டா அப்புறம் பந்தயம் ஏதுங்க? மைதானத்தையே இழுத்து மூடோணும். இதை நம்பி நூத்தம்பது குடும்பம் இருக்குதுங்க. ரெண்டே ரெண்டு வண்டிக்காக..."

"நியாயந்தான்" என்றார் மாஸ்டர்.

அப்பாடா என்று இருந்திருக்க வேண்டும். அந்த ஒரு வார்த்தைக்குத்தானே வந்தான்? ஆனால் கேட்ட உடனே கிடைத்துவிட்டதால் அவனுக்கு நம்பிக்கை வரவில்லை.

"நியாயந்தான் கண்ணு. எனக்கும் ஒவ்வொரு தடவையும் நியாயமாத்தான் இருந்துச்சு."

மாஸ்டர் எழுந்தார். முழங்கால் இரண்டும் சடக்கென்றன. ஓரத்தில் நின்ற தண்ணீர் வண்டியிலிருந்து குழாயை இழுத்துக்கொண்டு வந்து, எட்டாவது கட்டத்துக்குப் பின்னால் போனார். அங்கே வெறும் தார் மட்டுமே. அதன்மேல் தண்ணீரைத் திருப்பிவிட்டுக்கொண்டே பின்னால் பின்னால் நடந்தார்.

தார் நனைந்து மங்கியது. அதற்கு நடுவே ஒரு கட்டம் மினுமினுத்தது. பக்கத்தில் இன்னொன்று. அதற்குப் பின்னால் இரண்டு, அதற்கும் பின்னால் இரண்டு. சென்னியப்பன் எண்ணினான். எட்டுக்கு மேல் பதினாலு கட்டங்கள் இருந்தன.

அந்தக் காலத்தில் இருபத்திரண்டு வண்டி ஓடியது அவனுக்குத் தெரியும். கட்டங்களை அழித்துவிட்டார்கள் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தான். மழை வந்தால் அவன் பரிசோதனைக் கொட்டகையை விட்டு வெளியே வருகிறவன் இல்லை.

"காலிக் கட்டம் போட்டோவுல அசிங்கமா இருக்குதுன்னாங்க" என்றார் மாஸ்டர். "வெள்ளையைச் சுரண்டினா தாரும் சேந்து பேந்து வந்துரும். அதனால மேல கறுப்பு அடிச்சாச்சு. காஞ்சு கெடக்கிறப்பத் தெரியாது."

குழாயை நிறுத்திவிட்டுக் கடைசிக் கட்டங்களைக் காட்டினார்.

"அந்தக் கடைசி ரெண்டு, பிரேக் சரியில்லைன்னு ஒரு கம்பெனியை நிறுத்தினோமே, அவங்களோட எடம். பிரேக் நல்லாத்தான் இருந்துச்சு. அடுத்த அஞ்சு, பழைய மாடல், பார்க்க வர்ற சனத்துக்குப் பிடிக்கலைன்னாங்க. சனத்தை ஆரு கேட்டா? அப்புறம் இந்த ஏழு."

"ராஜபாளையத்துக்காரருங்களா?"

"கோதண்டராமராஜா. ஏழு வண்டியை ஏத்திக்கிட்டு ராவெல்லாம் வருவாரு. அவரு சொந்த வண்டி கடைசியா நின்னது இந்த ஒன்பதாவது கட்டம். செலவு ஏறுது, கம்பெனி எண்ணிக்கையைக் கொறைக்கோணும்னு சங்கத்துல சொன்னாங்க. நியாயமாத்தான் பட்டுச்சு. கையெழுத்துப் போட உக்காந்தேன். பேனாவுல மை தீந்துபோச்சு."

மாஸ்டர் குழாயைக் கீழே போட்டார்.

"எதுக்கால அவருதான் நின்னுட்டிருந்தாரு. எஞ்சினுக்கு சீல் வாங்க வந்திருந்தாரு. பேனா குடுங்கன்னேன். மூடியைக் கழட்டிக் குடுத்தாரு."

"என்ன தாளுன்னு தெரியாமயா?"

"தெரியாம."

"அப்புறமுங்க?"

"போட்டேன். திருப்பிக் குடுத்தேன். இருக்கட்டும், நீங்களே வெச்சுக்குங்க சார்னாரு."

சென்னியப்பன் ஏதாவது சொல்ல வேண்டுமே என்று சொன்னான். "நீங்க போடலைன்னா வேற ஒருத்தர் போட்டிருப்பாருங்களே, மாஸ்டர்."

"ஆமா. அதையே சொல்லிக்கிட்டுத்தான் போட்டேன்."

ஒன்பதாவது கட்டம் மற்றக் கட்டங்களைப் போல இல்லை. மற்றவை லேசாக மினுங்கின. இது புதுசாக எண்ணெய் தடவியதுபோல் பளபளத்தது.

"இது மட்டும் ஏனுங்க இப்படி மின்னுது?"

மாஸ்டர் வாயைத் திறப்பதற்குள் பின்னால் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது.

"சென்னியப்பன் சார்! உங்களை எங்கெல்லாம் தேடறது!"

பவளக்கொடி. வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு வந்தாள். சட்டைக் கையில் கிரீஸ், முகம் பூராவும் சிரிப்பு.

"சார், ஞாயித்துக்கிழமை எங்க கம்பெனி ஆளுக அத்தனை பேரும் வர்றாங்க. ரெண்டு பஸ் சொல்லியிருக்கேன். அறுபத்திரண்டு பேரு. வண்டியைச் செய்யறாங்களே ஒழிய, பந்தயத்துல ஓடி ஒருத்தரும் பார்த்ததில்லைங்க சார். பெயின்ட் அடிக்கிற ராக்கம்மா நேத்தே புதுப் புடவை எடுத்துட்டாங்க."

"அப்படீங்களா" என்றான் சென்னியப்பன். பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டான்.

"நம்ம வண்டி எந்தக் கட்டத்துல நிக்கும்னு தெரிஞ்சா, நேரெதுக்கால உக்கார வெச்சிருவேன்."

"அது நாளைக்கு வண்டியை ஓடவிட்டு டைம் எடுத்தாத்தானுங்க தெரியும்."

"அது எனக்குத் தெரியாதா? உங்க மனசுக்கு என்ன தோணுது, அதைச் சொல்லுங்க. மூணு தடவை எஞ்சினைப் பிரிச்சுப் பார்த்தவரு நீங்க. உங்களைவிட ஆருக்குத் தெரியும்?"

சென்னியப்பனின் விரல் பையின் ஜிப்பைத் தொட்டது. இப்போதே சொல்லிவிடலாம். பையைத் திறந்து தாளை நீட்டிவிடலாம். ஒரு நிமிஷ வேலை.

"முன்னாடிதானுங்க நிக்கும்" என்றான்.

அவள் முகத்தைப் பார்க்க அவனால் முடியவில்லை. அந்த இடத்திலேயே செத்துப்போகலாம் போல இருந்தது.

"உங்க வாய்க்குச் சர்க்கரை போடோணும் சார்!" என்றாள். திரும்பினவள் ஈரத் தாரைக் கண்டுவிட்டாள். "இதென்னங்க பெரியவரே, புதுசாக் கட்டம் அடிச்சிருக்கீங்க?"

"பழசுங்க அம்மிணி" என்றார் மாஸ்டர்.

"அடேங்கப்பா! இத்தனை வண்டியா நின்னுச்சு? அந்தக் காலத்துல வந்திருக்கோணும் நானு."

சிரித்துக்கொண்டே ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டு போனாள். சத்தம் தேய்ந்து அடங்கியது.

"தாளை எடு" என்றார் மாஸ்டர்.

"எந்தத் தாளுங்க?"

"அந்தப் பொண்ணைப் பார்த்ததும் பையைக் கட்டிப் பிடிச்சியே, அதுக்குள்ள இருக்கிற தாளு."

எடுத்துக் கொடுத்தான். மாஸ்டர் எட்டப் பிடித்துப் படித்தார். கடைசி வரிக்குக் கீழே அவர் கண் நின்றது.

"போட்டுட்டே."

"காலையிலங்க."

"ஆரு பேனா?"

"என்னோட பேனாதானுங்க."

"அந்தமட்டுக்கும் சரி" என்று தாளைத் திருப்பிக் கொடுத்தார்.

திட்டுவார் என்று எதிர்பார்த்தான். திட்டியிருந்தால் தேவலை. கையை ஓங்கி ஒரு அறை விட்டிருந்தால் இன்னும் தேவலை. அவர் குனிந்து குழாயைச் சுருட்ட ஆரம்பித்தார்.

"மாஸ்டர், இதை இன்னும் குடுக்கலைங்க. நாலு மணிக்குள்ளதான் குடுக்கோணும்."

"சரி."

"கிழிச்சுப் போட்டா என் வேலை போயிருமுங்க."

"போகும்."

"பந்தயமும் நின்னாலும் நின்னுரும்."

"நின்னாலும் நிக்கும்."

"அப்ப நான் என்னதானுங்க பண்ணட்டும்?"

"மணி என்ன ஆச்சு?" என்றார் மாஸ்டர்.

அவன் மணி பார்க்க எடுத்த போன் கையிலேயே அடித்தது. சங்கத் தலைவர்.

"என்ன சென்னியப்பா, மூணே முக்கால் ஆச்சு. கம்பெனிக்காரங்க ரெண்டு பேரும் என் எதுக்கால உக்காந்திருக்காங்க. தாள் என்னாச்சு?"

வெயில் தாரின் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டிருந்தது. கடைசி இரண்டு கட்டங்களும் மறைந்துவிட்டன. அதற்கு முந்திய ஐந்தும் ஒவ்வொன்றாக மறைந்தன. ராஜபாளையத்துக் கட்டங்களும் மங்கிப் போயின. ஒன்பதாவது மட்டும் இன்னும் தெரிந்தது. அதையே பார்த்துக்கொண்டு சென்னியப்பன் நின்றான். முடியாதுங்க என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான். திறந்தது என்னவோ நிஜம்.

"கொண்டு வர்றேனுங்க" என்றான்.

போனைப் பையில் போட்டான். மாஸ்டர் அவனைப் பார்க்கவில்லை. கொட்டகைக்குப் போய் ஒரு கறுப்புப் பெயின்ட் டப்பாவும் பிரஷ்ஷும் எடுத்து வந்து, ஏழாவது கட்டத்துக்குப் பக்கத்தில் வைத்தார். கொஞ்சம் முன்னால்தான் அந்தக் கட்டத்துக்கு வெள்ளை அடித்திருந்தார். இன்னும் சரியாகக் காயக்கூட இல்லை.

"ஏழும் எட்டும்" என்றார். "குடுத்துட்டு வா. வெளிச்சம் இருக்கிறப்பவே அடிச்சுரலாம்."

"நானுங்களா?"

"போட்ட கைதான் அடிக்கோணும். நான் அதுக்குத்தானே இந்த வேலைக்கு வந்தேன்?"

சென்னியப்பன் நாலு எட்டு நடந்தான். நின்றான். திரும்பி வந்து டப்பாவைப் பார்த்தான், கட்டத்தைப் பார்த்தான்.

"மாஸ்டர்."

"என்ன?"

"எத்தனை கோட் கறுப்பு அடிச்சா மழையில தெரியாதுங்க?"

மாஸ்டர் ஒன்பதாவது கட்டம் இருந்த இடத்தைப் பார்த்தார். அதுவும் இப்போது காய்ந்து வெறும் தாராகிவிட்டது.

"மத்ததுக்கெல்லாம் ஒரு கோட்தான் அடிச்சேன் கண்ணு. ஒன்பதாவதுக்கு மட்டும் நாலு அடிச்சேன்."