வாய் மூடிய தவளைகள்

மலையடிக் குளத்துத் தவளைகளுக்கு மூச்சு விடவே பயம். போன மழையில் மேல் ஏரியின் கரை உடைந்து, வெள்ளம் பாதித் தவளைகளை அடித்துக்கொண்டு போய்விட்டது. தொண்டையன் என்ற தவளையின் பெண்டாட்டி மினுக்கியும் அதில் போய்விட்டாள்.

தலைவர் சொறியன் ஒரு சட்டம் போட்டார்.

“நாம கத்தினோம், மழை வந்துச்சு. மழை வந்துச்சு, கரை உடைஞ்சுச்சு. இனிமே எவனாவது வாயைத் திறந்தீங்க, குளத்தை விட்டே துரத்திடுவேன்!”

கரையில் நின்ற கொக்கு தலையை ஆட்டியது. “ஆகா! தலைவர்னா இவர்தான் தலைவர்!”

குளம் அமைதியானது. ஆனால் பயம் அடங்கியதா? எங்கே அடங்கியது! ஒரு சருகு விழுந்தால் போதும், அத்தனையும் துள்ளும். ஒன்றையொன்று மிதிக்கும். “ஏன் குதிச்சே?” என்று கேட்டால், “கால் உளைஞ்சுது, சும்மா குதிச்சேன்” என்று சமாளிக்கும். எல்லாம் வாய் கூசாமல் சொன்ன பொய்! தொண்டையனும் அதே பொய்யைத்தான் சொன்னான். ராத்திரி பகலாக அவனுக்கு ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை.

ஒருநாள் மத்தியானம் பனம்பழம் ஒன்று தொப்பென்று தண்ணீரில் விழுந்தது. எல்லாம் கண்மண் தெரியாமல் பாய்ந்தன. தொண்டையனுக்குப் பக்கத்தில் இருந்த குட்டையன் என்ற தவளை பாய்ந்த பாய்ச்சலில் நேரே கொக்கின் வாய்க்குள் போய் விழுந்தான்!

தொண்டையன் அதைக் கண்ணால் பார்த்தான். பாறை மேல் ஏறினான். அடக்கி வைத்ததெல்லாம் பாட்டாகப் பீறிட்டது.

“தண்ணி வந்துச்சே, தண்ணி வந்துச்சே,
என் மினுக்கி எங்கே?
சருகு விழுந்தாலும் நடுங்குறேனே,
நான் மட்டுமா இங்கே?”

“மூடுடா வாயை! வெள்ளத்தைக் கூப்பிடுறியா?” சொறியன் பதறினார்.

“துரத்துங்க அவனை! இப்பவே துரத்துங்க!” கொக்கு கூவியது.

“நீ மட்டும் இல்லடா!” என்று தாமரை இலைக்கு அடியிலிருந்து ஒரு குரல் உடைந்து வந்தது. நெட்டைக்காலி! “என் அண்ணன் எங்கே?” என்று அவள் அடுத்த அடியைப் பாடினாள். “என் அம்மா எங்கே?” என்றது இன்னொன்று. குளமே பாடியது, குளமே அழுதது.

சொறியன் வானத்தைப் பார்த்தார். பொழுது சாய்ந்தும் ஒரு துண்டு மேகம் இல்லை.

“எங்கே தலைவரே, மழையைக் காணோமே?” என்றான் தொண்டையன்.

சொறியன் மெல்லப் பாறை மேல் ஏறினார். “என் ரெண்டு பிள்ளைங்க எங்கே?” என்று கரகரத்த குரலில் அவரும் பாடினார். சுருதி எங்கேயோ போனது. ஒருத்தரும் சிரிக்கவில்லை.

மறுநாள் சருகு விழுந்தது. கொக்கு ஆசையாக வாயைப் பிளந்தது. எல்லாத் தவளைக்கும் திக்கென்றது. ஆனால் தொண்டையன் குரல் கொடுத்தான். “பயமா இருக்கு! என்ன அது?”

“எனக்கும்தான்! வெறும் சருகு!” என்று எதிர்க்கரையிலிருந்து பதில் வந்தது.

ஒன்றும் குதிக்கவில்லை. கொக்கு வெகுநேரம் காத்திருந்தது. கடைசியில் வெறும் வயிற்றோடு வேறு குளம் தேடிப் பறந்தது.

ஊரே சேர்ந்து பட்ட பயத்தை ஒருவர் வாய்விட்டுப் பாடினால் ஊருக்குத் துணை கிடைக்கும்; அதை மூடி வைத்தால் கொக்குக்குத்தான் இரை கிடைக்கும்.