பீப்பாயை அடைத்த துணி

பிலோமினாவின் கருப்பட்டி ஐஸ்கிரீமை வாயில் போட்ட ஒரு வக்கீல், அது கரைந்துவிடக் கூடாதே என்று கோர்ட்டில் வாயைத் திறக்காமலே நின்று வழக்கை ஜெயித்தாராம். தூத்துக்குடியில் இதைச் சொல்லித் திரிந்தவர் தோற்றுப்போன வக்கீல். நம்பாமல் இருக்க முடியுமா?

பிலோமினாவுக்கு வயது முப்பத்திரண்டு. அவளிடம் தொழில் கற்க வந்த அருளப்பனுக்கு அறுபது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஒருமுறை கப்பலையே தூக்கி, அதில் தூங்கிய பூனை விழிக்காமல் திரும்ப வைத்ததாக அவரே சொல்வார். ஐஸ்கிரீம் தின்ன வந்த காலத்தில் அவளைத் 'தங்கச்சி' என்றார். கற்க வந்த நாளிலிருந்து 'டீச்சர்'.

வேலை இதுதான். மரப்பீப்பாயின் நடுவே பால் ஊற்றிய டப்பா. சுற்றிலும் ஐஸ், கல்லுப்பு. கைப்பிடியைச் சுற்றச் சுற்ற உள்ளே பால் உறையும். வெளியே உப்புத் தண்ணீர் ஊறும். அது வடிய, பீப்பாயின் பக்கத்தில் ஒரு துளை.

சர்ச்சில் முதன்முதலாக நற்கருணை வாங்கிய பிள்ளைகளின் புதுநன்மை விருந்துக்கு ஐஸ்கிரீம் செய்த அன்று அருளப்பன் புது வேட்டியில் வந்திருந்தார். தண்ணீர் தெறிக்குமே என்று துளையில் ஒரு கந்தல் துணியைத் திணித்தார். எடுக்க மறந்தார். உப்புத் தண்ணீர் ஏறி, மூடி வழியாக டப்பாவுக்குள் இறங்கிவிட்டது.

விருந்தில் பிள்ளைகள் ஒரு வாய் வைத்துவிட்டுத் துப்பினார்கள்.

"எப்படி அண்ணாச்சி இவ்வளவு உப்பு?" என்று பிலோமினா கேட்டாள்.

பந்தலே அவரைப் பார்த்தது.

"பால் சரியில்ல டீச்சர். சந்தனமாரி எதையோ கலந்திருக்கா."

பால்காரி சந்தனமாரி வீடு போய்ச் சேருமுன் அந்தப் பேச்சு போய்ச் சேர்ந்துவிட்டது. மறுநாள் பாதித் தெரு அவளிடம் பால் வாங்கவில்லை. ஐஸ்கிரீம் கடை வாசலில் அவள் சைக்கிளும் நிற்கவில்லை.

பிலோமினா வேறு பால் தேடவில்லை. 'பால் இல்லை' என்று பலகை எழுதி மாட்டினாள். பீப்பாயையும் தொடவில்லை. துணியும் தண்ணீருமாக அது அப்படியே நின்றது. அருளப்பன் மூன்று நாள் அதைச் சுற்றிச் சுற்றிக் கூட்டிப் பெருக்கினார்.

நான்காம் நாள் அவரே வாயைத் திறந்தார். "டீச்சர், என் கைக்கு எப்ப ருசி வரும்?"

பிலோமினா ஐஸ்பெட்டியில் மிச்சமிருந்த அந்த விருந்து ஐஸ்கிரீமில் ஒரு கிண்ணம் எடுத்து அவர் முன்னால் வைத்தாள். "சாப்பிடுங்க."

ஒரு கரண்டி உள்ளே போனது. முகம் கோணியது.

"எப்படி இருக்கு?"

"உப்பு."

"வீட்டுல சோத்துக்கு உப்பு போடுதாங்களா அண்ணாச்சி?"

அருளப்பனுக்குக் காது வரை சுட்டது. கிண்ணத்தையே பார்த்துக்கொண்டு, "போடுதாங்க" என்றார்.

தெருமுனையில் சைக்கிள் மணி கேட்டது. அவர் கிண்ணத்தை வைக்கவும் மறந்து தெருவின் நடுவே போய் நின்றார். சந்தனமாரி பிரேக் பிடித்தாள்.

"என்ன, இன்னைக்கு என் பால்ல என்ன கிடக்கு? திமிங்கிலமா?"

"உன் பால்ல ஒண்ணும் இல்ல தாயி. பீப்பாய்த் துளையில நான்தான் துணியை வச்சேன். உன் பேரைச் சொன்னேன்." ஜன்னல்கள் திறந்தன. அவர் குரலைத் தாழ்த்தவில்லை. இன்னொரு தடவை உரக்கச் சொன்னார்.

சந்தனமாரி அவரை மேலும் கீழும் பார்த்தாள். "கப்பலைத் தூக்கினவருக்கு ஒரு கந்தல் துணியைத் தூக்க நாலு நாளாச்சோ?"

பால் கேனை வாசலில் இறக்கி வைத்தாள். அவர் பக்கம் திரும்பாமலே சைக்கிளை மிதித்தாள்.

அருளப்பன் உள்ளே வந்து பீப்பாய் அருகே குனிந்தார். துணியை உருவினார். நாலு நாள் தண்ணீர் அவர் வேட்டியிலும் காலிலும் பாய்ந்தது. அவர் நகரவில்லை.

"டீச்சர்," என்றார். "கைக்கு எப்ப ருசி வரும்னு கேட்டதுக்குப் பதில் சொல்லலியே."

பிலோமினா பலகையைக் கழற்றினாள்.

"முதல்ல வடியட்டும் அண்ணாச்சி."